சோறு விற்ற கதை: நெல்லைச் சீமையின் பந்திகளும் கிளப்புக்கடைகளும்

திருநெல்வேலியின் வரலாற்றை எழுதியவர்கள் கோயிலையும் ஆற்றையும் பாளையக்காரர்களையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் பஞ்சமும் படையெடுப்பும் வெள்ளமும் உண்டு. ஆனால் வழக்குக்காக ஊருக்கு வந்த ஒருவனுக்கு மத்தியானம் பசித்தால் அவன் எங்கே போய்ச் சாப்பிட்டான், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், அவன் எழுந்த பிறகு எச்சில் இலையை எடுத்தது யார் என்பன போன்ற கேள்விகளை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கேட்பதில்லை. கேள்விகள் சிறியவைதாம். எனினும் ஒரு சமூகம் தன்னை எவ்வாறு அடுக்கி வைத்திருந்தது என்பதை அரண்மனையைவிட அடுப்படியும் பந்தியுமே தெளிவாகக் காட்டும் என்பது நம் எண்ணம். அந்த எண்ணத்தோடு தாமிரபரணிக் கரையின் உணவுக் கடைகளைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

படைத்த சோறு

இந்த ஆற்றங்கரையின் மிகப் பழைய உணவுச் சான்று ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்தது. சிவகளை அகழாய்வில் கிடைத்த தாழியொன்றில் இருந்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரிய வந்ததைத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. இறந்தவருக்காக வைத்த நெல் அது. ஏறத்தாழ மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பொருநைக் கரையில் நெல் வெறும் தீனியாக இருக்கவில்லை, சடங்கிலும் இடம்பெற்றிருந்தது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அடுத்த பெரிய சான்று ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் வரகுணன் காலத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டு, அன்று இளங்கோக்குடி எனப்பட்ட அவ்வூர்க் கோயிலின் நாள் வழிபாட்டுக்காக அளிக்கப்பட்ட 290 காசையும், அதன் வட்டியில் நடக்கவேண்டிய திருவமுதையும் குறிக்கிறது. செந்நெல் அரிசி, பயற்றம்பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, பொரிக்கறி, புளிங்கறி, காயம், வெற்றிலை, பாக்கு எனப் பட்டியல் நீளுகிறது. ஒவ்வொன்றுக்கும் அளவும் சொல்லப்பட்டிருக்கிறது. வணிகப் பயிற்சி பெற்ற எவரும் இதை ஒரு சமையற்கட்டின் கணக்கேடு என்றே சொல்வர். மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் கடல் கடந்து வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய நெல்லைச் சாப்பாடு இதுதான்.

இந்த இரண்டு சான்றுகளிலும் சோறு கொடுக்கப்படுகிறது. இறந்தவருக்குக் கொடுக்கிறார்கள், இறைவனுக்குக் கொடுக்கிறார்கள், இறைவனுக்குப் படைத்ததைக் கோயிலைச் சார்ந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். யாரும் யாருக்கும் அதை விற்கவில்லை. பாளையங்கோட்டையில் வாழ்ந்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த தொ. பரமசிவன் (1950–2020), சோற்றை விலைக்கு விற்பது இழிவு என்ற எண்ணம் தமிழர்களிடையே நெடுங்காலம் இருந்ததை எடுத்துக்காட்டியிருக்கிறார். மதுரைக்காஞ்சியின் அங்காடியில் உணவு விற்றார்களே என்று சங்க இலக்கியம் படித்தவர்கள் கேட்கலாம். விற்றார்கள், உண்மைதான். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் பண்ணியம், அதாவது தின்பண்டம். அடையும் அப்பமும் கடைக்குப் போகலாம், உலைச்சோறு போகலாகாது. பண்ணியத்துக்கும் சோற்றுக்கும் இடையிலான இந்தக் கோட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்குப் பயன்படும்.

பாலமும் ரயிலும்

1843 வரை திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையில் பாலம் கிடையாது. ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் படகை நம்பித்தான் இருக்கவேண்டும். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம் அந்த ஆண்டில் திறக்கப்பட்டது. இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. 1876இல் மணியாச்சியிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. வந்து நின்ற இடம் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர் அன்று. பாலத்தின் பக்கமாகிய வீரராகவபுரத்தில்தான் நிலையம் அமைந்தது. அதனால் நிலையத்துக்கே ‘திருநெல்வேலிப் பாலம்’ என்று பெயர். பிற்பாடு அந்த வட்டாரம் ஜங்ஷன் ஆயிற்று. நெல்லைக்காரர்கள் டவுன், ஜங்ஷன், பாளை என்று ஊரை மூன்றாகப் பிரித்துப் பேசுவதன் தொடக்கம் இதுவே.

பாலமும் ரயிலும் சேர்ந்து ஒரு புதிய மனிதனை உண்டாக்கின. வீட்டிலிருந்து வெகுதூரம் வந்து பகல் முழுவதும் ஊரில் தங்கவேண்டியவன் அவன். கொக்கிரகுளத்துக் கச்சேரிக்கு வந்த குடியானவன், கோர்ட்டுக்கு வந்த வழக்காளி, பத்திரம் எழுத வந்தவன், பாளையங்கோட்டையின் கல்லூரிகளிலும் டவுன் பக்கத்து இந்துக் கல்லூரியிலும் படிக்க வந்த பையன் என அவனுக்குப் பல முகங்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே போய் இலை போட்டுக்கொள்ளலாம். இல்லாதவனுக்குச் சத்திரம் இருந்தது. ஆனால் சத்திரத்துச் சோறு யாத்திரை போகிறவர்களுக்கும் குறிப்பிட்ட சாதியாருக்கும் என ஏற்பட்டது. வருடம் முழுவதும் வாய்தாவுக்கு அலைகிறவனை அது தாங்காது. கையில் காசும் வயிற்றில் பசியும் உள்ள இந்த மனிதனுக்காகத்தான் கிளப்புக்கடை வந்தது.

‘கிளப்புக்கடை’ என்ற சொல்லை இன்று முதியவர்கள் மட்டுமே சொல்கிறார்கள். காப்பி கிளப் என்ற பெயர்ப்பலகையில் இருந்த கிளப், நெல்லைப் பேச்சில் கடையோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரனின் கிளப்பில் உறுப்பினர் அல்லாதவர் நுழைய முடியாது. நம்மூர்க் காப்பி கிளப்பும் அந்தக் குணத்தை விட்டுவிடவில்லை. காப்பி குடிக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் சுவையாக எழுதியிருக்கிறார். காப்பி புதியது, மேசை நாற்காலி புதியது, கண்ணாடி அலமாரி புதியது. யார் எங்கே உட்காரலாம் என்ற சட்டம் மட்டும் பழையது. ‘பிராமணாள்’ என்ற சொல் பலகையில் இருந்தது. பிற சாதியார் உள்ளே வர இயலாது, அல்லது அவர்களுக்குத் தனி இடம். சைவ வேளாளர் தங்களுக்குச் சைவாள் கடையை நாடினர். புலால் உண்போருக்கு மிலிட்டரி ஓட்டல். தாழ்த்தப்பட்டோருக்கு எந்தப் பலகையும் கிடையாது, கடைக்கு வெளியே நிற்கும் இடம் மட்டுமே இருந்தது.

சேரன்மாதேவிப் பந்தி

பொதுவெளியில் யாரோடு யார் உண்பது என்ற கேள்வி தமிழ்நாட்டின் அரசியலையே திருப்பிய இடமும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. தேசியக் கல்வி, உடலுழைப்பு, தமிழ் ஆகியவை அதன் நோக்கங்கள். காங்கிரஸ் நிதியும் அதற்குக் கிடைத்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு, அவர்களுடைய பெற்றோரின் விருப்பத்தை முன்னிட்டு, தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் 1924–25இல் பெரும் விவாதம் மூண்டது. பி. வரதராஜுலு நாயுடுவும், அப்போது காங்கிரசில் இருந்த ஈ. வெ. ராமசாமியும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். காந்தியடிகள் வரை வழக்குப் போயிற்று.

இரண்டு சிறுவர்களின் இலைக்கு இத்தனை கூச்சலா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. இரண்டு இலை என்பதால்தான் கேள்வி கூர்மையடைந்தது என்று நாம் நினைக்கிறோம். இருபது பேர் தனியாக உண்டிருந்தால் வழக்கம் என்று சொல்லி ஒதுக்கியிருப்பார்கள். ஒரே கூரையின்கீழ் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே வயலில் வேலை செய்த பிள்ளைகளில் இருவர் மட்டும் சோற்று வேளையில் எழுந்து வேறிடம் போவது, மற்றவர்களிடம் சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்று இருக்கிறது. அந்தச் செய்தியைத்தான் எதிர்த்தார்கள். ஐயர் சாதி பாராட்டாத மனிதர் என்பதை அவரை எதிர்த்தவர்களும் அறிவார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு அவரைக் கட்டிப்போட்டது. 1925 ஜூன் மாதத்தில் பாபநாசத்து மலையருவியில், நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர்விட்டார். அதே ஆண்டின் இறுதியில் ஈ. வெ. ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். தாமிரபரணிக் கரையில் போட்ட இரண்டு இலைகளுக்கு அந்த வெளியேற்றத்தில் ஒரு பங்கு உண்டு.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு எனத் தனியிடம் ஒதுக்கும் முறை 1941இல் கைவிடப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், பதினைந்தாம் பிரிவில் கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே சாதியால் எவரையும் தடுக்கக்கூடாது என்றது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் சாப்பாட்டுக் கடை இடம்பெற வேண்டியிருந்தது என்றால், அந்தக் கடை வாசலில் எவ்வளவு நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் பெரியார் நடத்திய போராட்டம் பலருக்கும் தெரிந்திருக்கும்.

நெல்லைக்காரரான புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எழுதியது 1943இல். கதை சென்னையில் நடக்கிறது என்றாலும் பிள்ளைவாள் அச்சு அசலான நெல்லைப் பிள்ளை. அவர் கடவுளைக் காப்பி சாப்பிட ஓட்டலுக்கு அழைத்துப் போகிறார். அந்த ஓட்டலில் கடவுளுக்கு நேரும் சங்கடம் நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை சம்பந்தப்பட்டது. நீ என்ன சாதி என்று அவரை யாரும் கேட்பதில்லை. நகரத்து ஓட்டல் காசைப் பார்க்கிற இடமாக மாறிக்கொண்டிருந்ததைப் புதுமைப்பித்தன் கண்டுகொண்டார் என்றே இதை நாம் வாசிக்கிறோம். காசு கொடூரமானதுதான். ஆயினும் பிறப்பைப் போல நிரந்தரமானதன்று.

வகுப்பில் ஒருமுறை இந்தக் கதையை நடத்தும்போது, உங்கள் வீட்டில் முதன்முதலாக ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டவர் யார் என்று மாணவர்களிடம் கேட்டோம். சிரிப்பும் பேச்சுமாக இருந்த வகுப்பில் கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “எங்க தாத்தா ஊர்க் கடையில டீ குடிச்சா வெளிய நின்னு செரட்டையிலதான் குடிப்பாவளாம் சார். எங்க அப்பாதான் மொதல்ல உள்ள போயி பெஞ்சில உக்காந்தாவ” என்றாள். அதன் பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. சிரட்டைக்கும் பெஞ்சுக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறை இருக்கிறது. இந்த வரலாறு எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. நம் மாணவர்களின் வீடுகளில் இருக்கிறது.

கோதுமை விளையாத ஊரின் அல்வா

இனிப் பண்ணியத்துக்கு வருவோம். திருநெல்வேலி என்றதும் உலகம் அல்வா என்கிறது. காரும் பிசானமும் விளையும் நெல்வயல்கள் சூழ்ந்த ஊர் இது. பெயரிலேயே நெல்லுக்கு வேலியிட்ட ஊர். அதன் அடையாளமாகிய பண்டமோ கோதுமையால் ஆனது. கோதுமை இங்கே விளைவதில்லை. செய்தவர்களும் வடக்கிலிருந்து வந்தவர்கள். காசி யாத்திரை போன சொக்கம்பட்டி ஜமீன்தார் அங்கே உண்ட இனிப்பில் மனம் பறிகொடுத்துச் சமையற்காரர்களை அழைத்து வந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். இராசபுத்திர வழியினரான சிங் குடும்பத்தார் இங்கே குடியேறிப் பலகாரக் கடை வைத்தனர். மக்கள் அவற்றை லாலா கடை என்றனர். இன்றும் எவர் நடத்தினாலும் இனிப்புக் கடை இங்கே லாலா கடைதான்.

சம்பாக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, தெளியவைத்து, மேல்நீரை இறுத்துவிட்டு, சர்க்கரைப் பாகிலும் நெய்யிலும் கிண்டுவது அல்வா. கை ஓயாமல் கிண்ட வேண்டும். நெய் பிரிந்து, பண்டம் கண்ணாடிபோல் ஆகும்வரை அடுப்பைவிட்டு நகர முடியாது. தாமிரபரணித் தண்ணீரால்தான் அந்தச் சுவை என்பது ஊராரின் நம்பிக்கை. கோதுமையும் சர்க்கரையும் கைப்பக்குவமும் வெளியிலிருந்து வந்த பிறகு, நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஆற்றுத் தண்ணீர்தானே மிச்சம்!

கீழரத வீதியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. மங்கிய விளக்கில் வியாபாரம் நடந்ததால் சனங்களே சூட்டிய பெயர் அது. மாலையில் திறந்து சில மணி நேரத்தில் விற்று முடித்துவிடுவார்கள். கூட்டத்தில் கோயிலுக்கு வந்தவர், ரயிலுக்குப் போகிறவர், மூட்டை தூக்கி அன்றைய கூலி வாங்கியவர் எல்லாரும் இருப்பர். இலைத்துண்டில் சுடச்சுட வாங்கி, நின்றபடியே வழித்துத் தின்றுவிட்டு, திகட்டலுக்குக் கொஞ்சம் மிக்சர் கொறிப்பது ஊர் வழக்கம்.

கிளப்புக்கடைக்கு வராத பெருமை லாலா கடைக்கு எப்படி வந்தது? முன்னே சொன்ன கோட்டை இங்கே நினைவுகூரலாம். தண்ணீரில் வெந்த சோற்றுக்குத் தீட்டு உண்டு, நெய்யில் வெந்த பலகாரத்துக்கு அவ்வளவாகக் கிடையாது என்பது சாதி ஆசாரத்தின் கணக்கு. சோற்றுக் கடையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பக்கத்தில் யார் என்ற கேள்வி வரும். அல்வாக் கடையில் உட்கார இடமே இல்லை. நின்று வாங்கி, நின்று தின்று, பொட்டலத்தோடு நகர வேண்டியதுதான். போதாக்குறைக்கு விற்பவரோ உள்ளூர்ச் சாதி அடுக்கில் எந்தப் படியிலும் உட்காராத வடநாட்டார். எல்லாரும் கை நீட்டக்கூடிய முதல் கடையாக அது ஆனதற்கு இவை காரணங்கள் என்று நாம் கருதுகிறோம். ஊருக்கே பொதுவான அடையாளமாக ஒரு பண்டம் ஆவதற்கு, முதலில் ஊரார் எல்லாரும் அதை வாங்கித் தின்ன முடிய வேண்டும்.

புரோட்டாவும் சொதியும்

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் காலத்தில் கோதுமையும் மைதாவும் அரிசி உண்ணும் தமிழரிடம் வந்தன. 1950களின் நடுவிலிருந்து அமெரிக்கக் கோதுமையும் கப்பலில் வந்தது. புரோட்டா பரவியதற்கு இதுவே காரணம் என்றொரு கருத்து உண்டு. எப்படி வந்ததோ, இரவுக் கடையின் அரசன் அதுதான். இரும்புக் கல்லில் கொத்தும் ஓசை கேட்டால் நெல்லைக்காரனுக்கு மணி ஏழு ஆகிவிட்டது என்று பொருள். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் உள்ள புரோட்டாக் கடைகளுக்குக் குற்றாலச் சாரல் காலத்தில் எங்கிருந்தெல்லாமோ வந்து காத்திருக்கிறார்கள். முஸ்லிம்கள் பெருமளவில் நடத்திய இந்தக் கடைகளில் சால்னா வாளி எல்லா மேசைக்கும் ஒன்றாகவே சுற்றிவந்தது. பெஞ்சில் இடம் கிடைத்தால் போதும், பக்கத்தில் யார் என்று பார்க்கப் பசி விடாது.

வீட்டுக்குள்ளேயே இருந்து கடைக்கு வர வெகுகாலம் தயங்கிய உணவும் உண்டு. தேங்காய்ப் பாலில் காய்கறியும் பயற்றம்பருப்பும் சேர்த்துச் செய்யும் சொதி நெல்லைச் சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. அதற்கு இஞ்சித் துவையல் துணை. இலங்கைத் தமிழரும் சொதி என்றே ஒரு தேங்காய்ப்பால் குழம்பைச் சொல்கிறார்கள். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கூட்டாஞ்சோறு, தீயல் ஆகியனவும் இவ்வாறே வீட்டு வாசலைத் தாண்டாதவை. இன்று சொதிச் சாப்பாடு உணவக விளம்பரங்களில் வருகிறது. உறவினராக அழைக்கப்பட்டால் மட்டுமே கிடைத்த ஓர் இலை விலைக்குக் கிடைக்கிறது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? அந்தக் கல்யாணங்களுக்கு அழைக்கப்படாதவர்களே ஊரில் அதிகம்.

2023

இவ்வளவு தூரம் வந்த பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க நமக்கும் ஆசைதான். 2023ஆம் ஆண்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அந்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. செப்டம்பரில், பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்து இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள எட்டயபுரம் பக்கத்துச் சிற்றூரான உசிலம்பட்டியில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட பெண் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்ற செய்தி வந்தது. மக்களவை உறுப்பினர் கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த உணவை உண்டார். பாரதி பிறந்த ஊருக்குப் பக்கத்தில், சேரன்மாதேவி விவாதம் நடந்து ஏறக்குறைய நூறு வருடங்களுக்குப் பிறகும், பெற்றோரின் விருப்பம் பிள்ளைகளின் இலைக்குக் குறுக்கே வந்து நின்றது.

மூன்று மாதங்கள் கழித்து, டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் வட்டாரமே நீரில் நின்றது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. பயணிகள் ஏறத்தாழ எண்ணூறு பேர். சாலையும் இல்லை, மின்சாரமும் இல்லை. பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், கையிலிருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். பயணிகள் உண்டார்கள். அந்த உலையை ஏற்றியது யார் கை என்று கேட்டதாக எந்தச் செய்தியும் இல்லை.

ஒரே ஆண்டில், ஒரே சீமையில் நடந்தவை இவை. வெள்ளத்தில் கேட்கத் தோன்றாத கேள்வி வெயிலில் ஏன் தோன்றுகிறது என்பதை நம் வகுப்பறைகளில்தான் பேச வேண்டும். நூறாண்டுகளாகக் கிளப்புக்கடையும் லாலா கடையும் புரோட்டாக் கடையும் காசு வாங்கிக்கொண்டு நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொடுத்த பாடம் அது. பாதிப் பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது.